பேனலைப் பார்த்தாச்சு... ஸ்டாண்டைப் பார்த்தீங்களா?

மொட்டை மாடியில் சோலார் போடுவது என்று முடிவெடுத்த மனிதர்களைக் கவனியுங்கள். ''பேனல் எந்த பிராண்டு?'', ''மானியம் எப்ப வரும்?'', ''கரண்ட் பில் ஜீரோ ஆயிடுமா?'' என்று துருவித் துருவி விசாரிப்பார்கள். எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால், அந்தப் பேனலை இருபத்தைந்து வருஷம் தாங்கிப் பிடிக்கப் போகிற ஸ்டாண்டைப் பற்றி ஒருத்தராவது வாய் திறக்க வேண்டுமே... ஊஹூம்!

கம்பெனிக்காரரும் சமர்த்து. பேனலுக்கு அரைப்பக்கம், இன்வெர்ட்டருக்கு அரைப்பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில் 'ஸ்ட்ரக்சர் - ஜி.ஐ.' என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார். அங்கேதான் சார் விஷயமே இருக்கு!

2024 பிப்ரவரியில் 'பி.எம். சூர்யா கர்' திட்டம் வந்தது. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று மத்திய அரசு மானியம். தெருவுக்குத் தெரு போட்டி. விலையைக் குறைத்தால்தான் ஆர்டர். பேனலில் கை வைக்க முடியாது, பிராண்டு பெயர் முதுகிலேயே ஒட்டியிருக்கும். இன்வெர்ட்டரிலும் அப்படியே. மிச்சம் இருப்பது இரும்புதான். 'கொஞ்சம் மெல்லிசா போட்டா யாருக்குத் தெரியப் போவுது?' என்று நினைப்பவர்களும் இந்தத் தொழிலில் உண்டு.

தெரியும். புயல் வந்தால் ஊருக்கே தெரியும்!

முப்பது கிலோ பேனல் பறக்குமா?

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா சென்னையைப் புரட்டிப் போட்டது. 2018 நவம்பர் 16-ல் கஜா டெல்டாவில் தென்னை மரங்களை வேரோடு சாய்த்தது. கட்டடங்களுக்கான இந்தியக் காற்று விதிப்படி சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அதாவது, மணிக்கு 180 கிலோமீட்டர்! திருச்சிக்கு 47 மீட்டர். மதுரை, கோவைக்கு 39.

சின்னக் கணக்கு ஒன்று. வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, அதை 0.6-ஆல் பெருக்குங்கள். சென்னைக்கு 1,500 நியூட்டன் வரும். நம்ம பாஷையில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. இன்றைய 550 வாட் பேனல் ஒன்று இரண்டரை சதுர மீட்டர் இருக்கும். எடை முப்பது கிலோவை ஒட்டி. ஆனால், அதன் மேல் மோதும் காற்றின் பலம் முந்நூற்றைம்பது கிலோவைத் தாண்டும்! 3 கிலோவாட்டுக்கு ஆறு பேனல் என்றால், மொத்தம் இரண்டு டன்னுக்கு மேல். சாய்வு, மாடியின் உயரம், அக்கம்பக்கத்துக் கட்டடங்களைப் பொறுத்து இது கூடும், குறையும்.

காற்று மேலிருந்து அமுக்கினால் கூடப் பரவாயில்லை. அடியில் புகுந்து தூக்கும்போதுதான் வம்பு. பேனல் அப்போது பாய்மரம் மாதிரி. 'வெயிட்டா இருக்கு சார், எங்கயும் போகாது' என்பதெல்லாம் சும்மா!

குட்டையா, நெட்டையா?

தாழ்வான ஸ்டாண்டு: தரையிலிருந்து ஒன்றிரண்டு அடி. இரும்பு கம்மி, செலவு கம்மி, காற்றுக்கும் அதிகம் சிக்காது. ஆனால், கைப்பிடிச் சுவரின் நிழல் விழாமல் தள்ளி வைக்கணும். அந்த இடத்தில் இனி வடாம் காயாது.

உயரமான ஸ்டாண்டு: ஏழெட்டு அடி. கீழே துணி காயப் போடலாம், சாயங்காலம் சேர் போட்டு உட்காரலாம். வீட்டில் உடனே 'ஓகே' ஆகும். ஆனால், உயரம் ஏற ஏறக் காற்றின் பிடியும் ஏறும். குறுக்குச் சட்டங்கள் கட்டாயம். கால்கள் வெறும் தளத்தின் நடுவில் நிற்காமல், பீம் அல்லது தூண் மேல் நின்றால் உத்தமம்.

கான்கிரீட் கட்டை வைப்பது: தளத்தில் ஓட்டை போடாமல், பாரத்தாலேயே நிறுத்துவது. எவ்வளவு பாரம் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லணும். 'கண்ணளவு' மேஸ்திரிகளுக்கு இங்கே வேலையில்லை. கடலோர ஊர்களில் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

பழைய மெட்ராஸ் டெரஸ் வீடா? மரச் சட்டமும் செங்கல்லும் கொண்ட கூரை அது. டிரில் மெஷினைக் கையில் எடுக்கும் முன் ஒரு இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை பாரம் தாங்காது. அடியில் இருக்கும் சட்டத்தில்தான் பிடிமானம் தேடணும்.

சாய்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. தெற்குப் பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்வு போதும். மழை பெய்தால் தூசியும் காக்கா எச்சமும் ஓரளவு தானாகவே வழிந்துவிடும். டெல்லிக்காரர்களைப் பார்த்து நாமும் செங்குத்தாக நிறுத்தினால், காற்றுக்குத்தான் கொண்டாட்டம்.

துருவும் ஒழுகலும்

'ஜி.ஐ.' என்றால் எல்லாம் ஒன்றல்ல. மெல்லிசாக ஜிங்க் பூசி வந்த பைப்பும் ஜி.ஐ.தான். வேலை முடிந்த இரும்பை உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததும் ஜி.ஐ.தான். பின்னது 'ஹாட் டிப்'. அரசு விவரக் குறிப்பு கேட்பது குறைந்தது 80 மைக்ரான் பூச்சு. ஒரு தலைமுடி கனம்தான். ஆனால், உப்புக் காற்றை வருஷக்கணக்கில் தடுப்பது அதுதான். முக்கி எடுத்த பைப்பை உங்கள் மாடியிலேயே அறுத்து வெல்டு வைத்தால், அந்த இடத்தில் பூச்சு காலி. துரு அங்கிருந்துதான் கணக்கைத் தொடங்கும். அதனால், வெல்டிங்கை விட நட்டு-போல்ட்டு ஸ்டாண்டு மேல்.

போல்ட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று பார்க்க ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் காந்தத்தையே எடுத்துப் போங்கள். 304 ரகத்தில் ஒட்டாது, அல்லது லேசாக ஒட்டும். 'பச்சக்' என்று பிடித்தால் சாதா இரும்பு!

தளத்தில் துளை போட்டால், ஆங்கர் போல்ட்டு தட்டோட்டோடு நின்றுவிடாமல் கீழே கான்கிரீட் வரை போகணும். துளையைச் சுற்றி நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு வேண்டும். இல்லாவிட்டால், மேலே மின்சாரம் மிச்சம்... கீழே ஹாலில் பக்கெட்!

கையெழுத்துக்கு முன் ஐந்து கேள்வி

1. எந்தக் காற்று வேகத்துக்கு இந்த ஸ்டாண்டு? இன்ஜினீயர் போட்ட வரைபடம் உண்டா?

2. ஹாட் டிப்பா? எத்தனை மைக்ரான்? மீட்டர் வைத்து அளந்து காட்டுவீர்களா?

3. பைப்பின் கனம் எத்தனை மில்லிமீட்டர்?

4. நட்டு, போல்ட்டு, கிளாம்ப் எல்லாம் என்ன உலோகம்?

5. தளம் ஒழுகினால் யார் பொறுப்பு?

பதில்களைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். ''நூறு வீடு போட்டிருக்கோம் சார், ஒண்ணும் ஆனதில்லை'' என்று சிரிப்பார்கள். ''புயலுக்கு முன்னாடி போட்டதா, பின்னாடி போட்டதா?'' என்று நீங்களும் சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

நல்ல ஸ்டாண்டுக்குச் சில ஆயிரம் கூடத்தான் ஆகும். பேனல் பறந்து உடைந்தால் நமக்கு நஷ்டம், அதோடு போச்சு. ஆனால், அது விழப்போவது பக்கத்து வீட்டு மாடியிலோ, கீழே தெருவிலோ. அந்த வழியாகக் குடை பிடித்துப் போகிறவர், நீங்கள் எங்கே மிச்சம் பிடித்தீர்கள் என்று பார்த்துவிட்டா போகிறார்?