மனச்சோர்வுக்கு ஒரு சின்னப் போத்தல்

உருளைக்கிழங்கு விலை விழுந்தால் வெலிமடைக் கடைத்தெருவில் முகங்களும் விழுந்துவிடும். கடன் கொடுத்த முதலாளிக்கும் தூக்கமில்லை, வாங்கிய தோட்டக்காரருக்கும் தூக்கமில்லை. இப்படிப்பட்ட கவலைக்கு ஹோமியோபதியில் பேர்போன மருந்து இக்னேஷியா. பிலிப்பைன்ஸ் நாட்டுக் கொடியொன்றின் விதை. நம் எட்டிக்காயின் இனம், நஞ்சுதான். ஆனால் போத்தலில் '30' என்றிருந்தால் நூறில் ஒன்றாக முப்பது தடவை கரைத்தது என்று பொருள். பன்னிரண்டு தடவை தாண்டினாலே விதையின் அணு ஒன்றுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. நம் நாட்டில் 1970இலேயே சட்டம் கண்ட வைத்தியம்தான். என்றாலும் சரக்கில்லாத சரக்குக்கு வியாபாரி எப்படி உத்தரவாதம் சொல்வது?

வெளிநாட்டிலிருந்து வரும் 'சென் ஜோன்ஸ் வோர்ட்' குளிசை வேறு கதை. அதில் மூலிகைச் சத்து உண்மையாகவே இருக்கிறது. லேசான சோர்வுக்குப் பலன் தருவதாக ஆய்வுகளும் உண்டு. ஆனால் இரத்தம் உறையாதிருக்கக் குடிக்கும் வார்பரினின் வேலையை அது கெடுத்துவிடும். மனச்சோர்வுக்கு டொக்டர் கொடுத்த மருந்தோடு சேர்ந்தால் ஆபத்து. இதே செடிதான் ஹோமியோபதிப் போத்தலில் 'ஹைப்பெரிக்கம்' என்று நிற்கிறது. ஆகவே, சகோதரர்களே, லேபலை வாசிக்காமல் ராக்கையில் அடுக்காதீர்கள். வாங்க வருபவரிடம் வேறென்ன மருந்து குடிக்கிறீர்கள் என்றும் கேளுங்கள்.

இரண்டு கிழமைக்கு மேல் மனம் எழும்பாதவருக்கு எதையும் விற்க வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்கு அனுப்புங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926.