பழைய பைக் பிரேமை எவ்வளவு வெட்டலாம்?

மாடு வைத்துக் கட்டுப்படியாகவில்லை. டிராக்டர் வாங்க நிலப்பரப்பு போதாது. இந்த நிலையில் உள்ள சிறு விவசாயிகள் பலர், கொட்டகையில் கிடக்கும் பழைய பைக்கை உழவுக் கருவியாக மாற்ற நினைக்கிறார்கள். மாற்றலாம். ஆனால், பிரேமில் எதுவரை கை வைப்பது என்பதை வெல்டிங் பட்டறைக்குப் போகும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

குஜராத்தின் அம்ரேலி மாவட்ட விவசாயி மன்சுக்பாய் ஜகானி, 1994-ல் ஒரு புல்லட்டை இப்படி மாற்றினார். பின்சக்கரத்துக்குப் பதில் இரண்டு சக்கரங்கள் கொண்ட அமைப்பைப் பொருத்தி, டீசல் இன்ஜினால் இயக்கினார். உழவு, விதைப்பு, களையெடுப்பு எனக் கருவிகளை மாற்றி மாட்டிக்கொள்ளலாம். 'புல்லட் சாந்தி' என்று பெயர் பெற்ற அந்த வண்டியில், ஹேண்டில்பாரும் முன்சக்கரமும் உள்ள முன்பாதி அப்படியே இருந்தது.

மூன்று நிலைகள்

* போல்ட் மட்டும்: கேரியர், தெளிப்பான் ஸ்டாண்ட் போன்றவை. கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிடும்.
* துணைச் சட்டம்: ஏற்கெனவே உள்ள ஆக்சில், ஸ்விங் ஆர்ம் போல்ட் துளைகளிலேயே கருவிச் சட்டத்தை மாட்டுவது. பிரேமை வெட்டத் தேவையில்லை.
* வெட்டி ஒட்டுவது: பின்பாதியை அறுத்துப் புதுச் சட்டம் வைப்பது. பலம் அதிகம், திரும்பும் வழி இல்லை.

சாலையா, வயலா?

சாலையில் ஓட வேண்டிய வண்டி என்றால் முதல் நிலையோடு நிறுத்துங்கள். ஆர்.சி. விவரங்களுக்கு மாறாக, அனுமதியின்றி வண்டியை மாற்றினால், மோட்டார் வாகனச் சட்டப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். வயலுக்கு மட்டும்தான் என்றால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவை ரத்து செய்துவிட்டு வெட்டுங்கள்.

வெட்டும் முன்

இன்ஜினுக்கு அடியிலும் ஸ்விங் ஆர்ம் இணைப்பிலும் பெயின்ட்டைச் சுரண்டி, கூர்மையான கம்பியால் குத்திப் பாருங்கள். குழாய் உள்ளே துருப்பிடித்திருந்தால் வெல்டிங் நிற்காது. அந்த பிரேமை விட்டுவிடுவதே நல்லது. கோன்செட் இருக்கும் கழுத்துப் பகுதியில் வெல்டிங் வைக்கக் கூடாது. சூட்டில் கோணம் மாறினால் ஹேண்டில் ஒருபக்கம் இழுக்கும். பல வண்டிகளில் சேஸ் எண்ணும் அங்கேதான் இருக்கும். வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டேங்க்கை இறக்கி, பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். காலி டேங்க்கில் உள்ள ஆவியும் வெடிக்கும்.

பைக் இன்ஜின் ஓடும்போது அடிக்கும் காற்றில்தான் குளிரும். வயலில் மெதுவாக ஓடும்போது சூடேறும். இடையிடையே நிறுத்தி ஆறவிட வேண்டும்.

எனவே, முதலில் துணைச் சட்டத்தை மாட்டி ஒரு பட்டம் முழுக்க ஓட்டிப் பாருங்கள். இழுவை போதவில்லை என்றால் அறுப்பதைப் பிறகு யோசிக்கலாம். போதுமென்றால் பிரேமும் தப்பும், பணமும் மிஞ்சும்.