உங்களுக்குத் தெரியுமா? டொபாகோவின் டுவைட் யார்க்
டிரினிடாட்-டொபாகோ என்றதும் நமக்கு கிரிக்கெட் வீரர் பிரையன் லாராதான். அதே நாட்டின் சின்னத் தீவான டொபாகோவில் பிறந்த டுவைட் யார்க், கால்பந்தில் சளைத்தவரல்ல. 1989 நவம்பரில், சொந்த மண்ணில் அமெரிக்காவுடன் டிரா செய்திருந்தாலே டிரினிடாட் உலகக் கோப்பைக்குப் போயிருக்கும். 0-1 எனக் கோட்டைவிட்டது. அந்த அணியில் 18 வயது யார்க்கும் உண்டு.

பிறகு இங்கிலாந்து. ஆஸ்டன் வில்லா, மான்செஸ்டர் யுனைடெட். 1998-99இல் யுனைடெட் பிரீமியர் லீக், எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் அள்ளியது. யார்க் லீக்கில் மட்டும் 18 கோல்!

உலகக் கோப்பை? 2006 வரை காத்திருந்தார். 34 வயதில் கேப்டன். அதுவும் முன்வரிசையில் அல்ல, நடுக்களத்தில். சிவப்பு அட்டையால் பத்துப் பேராகக் குறைந்தும், பலம்வாய்ந்த ஸ்வீடனை 0-0 என மடக்கிய ஆட்டத்தில் ஆட்ட நாயகன் யார்க்தான்.