அப்பா எழுதாமல் விட்ட பந்தி

லாசப்பலில் என்னிடம் மருந்துக்கு வரும் எம்மவரிடம், "எப்போது பிரான்சுக்கு வந்தீர்கள்?" என்று கேட்டால் திகதி, வந்த வழி, மாறிய விமானம் எல்லாம் தடங்கலின்றி வரும். அதற்கு முன் என்ன செய்தீர்கள் என்றால் பேச்சு நின்றுவிடும். முன்னதை அவர்கள் எழுதிப் பழகியவர்கள்.

எம்மவரிற் பலர் தம் வாழ்க்கையை ஒரேயொரு முறைதான் எழுதியிருக்கிறார்கள். அது 1952இல் அமைக்கப்பட்ட ஒஃப்ரா என்னும் அகதிகள் காரியாலயத்துக்கு எழுதிய விண்ணப்பம். இங்கு வாழும் எழுத்தாளர் ஷோபாசக்தி 2001இல் வெளியிட்ட 'கொரில்லா' நாவலும் அப்படியொரு விண்ணப்பத்துடனேயே ஆரம்பிக்கிறது. 2015இல் கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்ற 'தீபன்' படத்தில் அவர் நடித்த மனிதனோ, இறந்துபோன ஒருவனின் கடவுச்சீட்டில் இங்கு வந்து வாழ்பவன். அந்தப் படத்தைப் பார்த்து எம்மவர் எவரும் வியந்ததாகத் தெரியவில்லை.

என் தகப்பனார் யாழ்ப்பாணத்தில் தமிழாசிரியர். 1985இல் பாரிசுக்கு வந்து ஓர் உணவுச்சாலையில் கோப்பை கழுவினார். மறு ஆண்டு, பதினைந்து வயதில், நானும் வந்து சேர்ந்தேன். 1987இல் மேலதிக விபரம் கேட்டுக் கடிதம் வந்தது. விண்ணப்பம் எழுதிப் பழக்கப்பட்ட ஒருவர் தமிழில் எழுதித் தர, பள்ளிக்கூட அகராதியை வைத்துக்கொண்டு நான் பிரெஞ்சில் மாற்றினேன்.

அப்பா முதலில் எழுத விரும்பியது 1981இல் எரிந்துபோன யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றி. ஏறக்குறைய 97,000 நூல்கள். எழுதிக் கொடுத்தவர், "அதை விடுங்கோ மாஸ்டர், புத்தகம் எரிஞ்சது உங்கட உயிருக்கு ஆபத்தில்லை" என்றார். அவர் சொன்னதும் பிழையல்ல. 1951ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை கேட்பது அச்சத்தைத்தான், துக்கத்தை அல்ல. அந்தப் பந்தி நீங்கியது.

அவ்வுடன்படிக்கை அச்சத்துக்குச் சொல்லும் காரணங்களில் முதலாவது 'இனம்'. அதை நான் 'ராஸ்' என்று எழுதினேன். அப்பா, "இதிலே தமிழர் எண்டு போடுறதோ, கறுப்பர் எண்டு போடுறதோ?" என்று கேட்டார். பகிடியல்ல. அதற்கு முந்திய வாரம் மெத்ரோ வாசலில் கடதாசி காட்டும்படி மறிக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். கூட நின்றவர்கள் ஆபிரிக்கரும் அராபியரும். ஊரிலே எமது மொழியைப் பார்த்தார்கள், இங்கே தோலைப் பார்க்கிறார்கள் என்று அன்றிரவு சொன்னார். தமிழர் என்றே எழுதினோம்.

வைத்தியனான பின் பலருக்குத் தழும்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்கே, எத்தனை சென்ரிமீற்றர், எதனால் ஏற்பட்டிருக்கலாம் என்று எழுதுவேன். அதற்குமேல் எழுத அந்தத் தாளில் இடமுமில்லை. எனக்குக் கேட்கப் பொறுமையும் இருந்ததில்லை. வெளியே பத்துப் பேர் காத்திருப்பார்கள்.

அப்பா காலமானபின் அவரது பெட்டியில் அந்த விண்ணப்பத்தின் பிரதி கிடைத்தது. தமிழ் வாசிக்கத் தெரியாத என் மகள் எனது பழைய பிரெஞ்சை வாசித்து, இலக்கணப் பிழைகளுக்குச் சிரித்துவிட்டு, "அப்பப்பா இவ்வளவு பயந்தவரா?" என்று கேட்டாள். சனிக்கிழமைகளில் என்னைச் சைக்கிள் பாரில் இருத்தி அவர் நூலகத்துக்குப் போவார், நான் வாசலில் செருப்புகளை எண்ணிக்கொண்டிருப்பேன் என்று சொன்னேன். என்ன புத்தகம் எடுப்பார் என்று கேட்டாள். அதை நான் அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.