சிலப்பதிகாரம் காட்டும் ஆடலரங்கு

காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரில் மாதவி ஆடிய அரங்கின் அமைப்பை, சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அளவுகளுடன் கூறுகிறது.

அளவு: மூங்கிலில் வெட்டிய கோலால் அரங்கை அளந்தனர். ஒரு கோல் என்பது 24 பெருவிரல் அகலம். அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். மேடைப் பலகைக்கும் மேலுள்ள உத்தரப் பலகைக்கும் இடையே 4 கோல். பெருவிரலின் அகலத்தை 2 செ.மீ. எனக் கொண்டால் ஒரு கோல் ஏறத்தாழ அரை மீட்டர். அப்படியானால் மேடை சுமார் மூன்றரை மீட்டர் அகலமும் 4 மீட்டர் நீளமும் உடையது. ஒருவர் ஆட இது போதும்; அவருடைய கண்ணசைவும் கைமுத்திரையும் அவையோருக்குத் தெளிவாகத் தெரியும்.

வாயில்: உள்ளே வர ஒன்று, வெளியே செல்ல ஒன்று என இரண்டு.

திரை: எழினி எனப்பட்ட திரைகள் மூன்று. ஒருமுக எழினி ஒரு பக்கத்திலிருந்து இழுக்கப்படுவது. பொருமுக எழினி இரு பக்கங்களிலிருந்தும் வந்து நடுவில் சேர்வது. கரந்துவரல் எழினி மேலிருந்து இறங்குவது.

ஒளி: தூண்களின் நிழல் மேடையில் விழாதபடி விளக்குகளை வைத்தனர்.

1981இல் தஞ்சாவூரில் தொடங்கப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கலையரங்கம் கரிகாற்சோழன் பெயரைத் தாங்கியுள்ளது. இன்றைய அரங்குகளில் மின்விளக்கும் ஒலிபெருக்கியும் வந்துவிட்டன. ஆனாலும் மாணவர்கள் எந்தக் கலையரங்கிற்குச் சென்றாலும் மேடையின் உயரம், வாயில், திரை, நிழல் ஆகிய நான்கையும் கவனித்துப் பார்க்கலாம். ஆடுபவரை மறைக்காத அரங்கே நல்ல அரங்கு என்பது அப்போது விளங்கும்.