பிள்ளையின் மூச்சை ஏன் எண்ண வேண்டும்?

கண்டிப் பக்கம் குண்டசாலையில் மழையும் குளிரும் சேர்ந்தால் பிள்ளைகளுக்குத் தடிமன் வரும். அது நியூமோனியாவாக முற்றினால் பழி மழை மேல்தான். நனைந்ததால் மட்டும் நியூமோனியா வராது, வேண்டியது கிருமி. நியுமோகொக்கஸ் பக்டீரியாவாக இருக்கலாம், ஆர்.எஸ்.வி. போன்ற வைரஸாகவும் இருக்கலாம். யன்னலைச் சாத்திவிட்டு எல்லாரும் ஒரே அறைக்குள் முடங்குவதும், விறகடுப்புப் புகையும் கிருமிக்கு நல்ல வசதி.

நுரையீரலின் நுண்ணிய காற்றுப்பைகளில் நீரும் சீழும் நிரம்பினால் ஒட்சிசன் இரத்தத்துக்குள் போவது குறையும். நுரையீரலும் விறைத்துவிடும். ஆழமாக இழுக்க முடியாத பிள்ளை சின்னச் சின்ன மூச்சாக, வேகமாக இழுக்கும்.

ஆகவேதான் உலக சுகாதார நிறுவனம் எண்ணச் சொல்கிறது. பிள்ளை அழாத நேரம் சட்டையை உயர்த்தி, நெஞ்சைப் பார்த்து, முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதம் முதல் 1 வயது வரை 50, அதன்பின் 5 வயது வரை 40. அதைத் தொட்டாலே டொக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்க முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நேரே ஆஸ்பத்திரிதான். கண்டியோ பேராதனையோ, எது கிட்டவோ அது.

பக்டீரியாவுக்கு அமொக்சிசிலின் உண்டு. வைரசிடம் அது பலிக்காது. அண்ணனுக்கு மிஞ்சிய மருந்தைத் தம்பிக்கு ஊற்றுவது சிக்கனமல்ல, ஆபத்து. 2008இல் இலங்கையில் அறிமுகமான ஐங்கூட்டுத் தடுப்பூசி, நியூமோனியாவை உண்டாக்கும் ஹிப் கிருமியையும் தடுக்கிறது.

நியூமோனியா முதியவர்களுக்கும் வரும், அவர்களிடம் மூச்சின் எண்ணிக்கை மட்டும் போதாது. காய்ச்சலே இல்லாமல், திடீர் மனத் தடுமாற்றமாக மட்டும் நோய் தலைகாட்டலாம்.