அளந்ததை அறிவிக்கலாமே!

1981ஆம் ஆண்டு நியூயார்க் மாரத்தானை நியூசிலாந்து வீராங்கனை ஆலிசன் ரோ 2 மணி 25 நிமிடம் 29 விநாடியில் ஓடி முடித்தார். பெண்களுக்குரிய உலகச் சிறந்த நேரமாக அதுவரை கருதப்பட்டதைவிட இது சுமார் 13 விநாடி குறைவு. எங்கும் பாராட்டு! பின்னர் பாதையை மறுபடி அளந்தார்கள். 42.195 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 150 மீட்டர் குறைந்தது. ரோவின் வேகத்தில் அவ்வளவு தூரம் ஓட அரை நிமிடம் ஆகும். சாதனை போயிற்று. ஓடியவர் மீது யாதொரு குற்றமும் இல்லை.

பாதையை எப்படி அளக்கிறார்கள்? காரின் மீட்டர் இதற்குப் போதாது. சாதாரண சைக்கிள்தான் கருவி! அமெரிக்காவில் இம்முறையைப் பரப்பியவர், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடிய டெட் கார்பிட். சைக்கிளின் முன்சக்கரத்தில் சுற்றுகளை எண்ணும் சிறு கருவியைப் பொருத்துவர். முதலில் எஃகு நாடாவால் அளந்த 300 மீட்டர் நேர்ச்சாலையில் நான்கு முறை ஓட்டி, இத்தனை எண்ணுக்கு இவ்வளவு தூரம் என்று கணக்கிடுவர். பாதையை அளந்து முடித்தபின் மீண்டும் நான்கு முறை. ஏன் தெரியுமா? வெயில் ஏற ஏற டயருக்குள் காற்று விரிவடையும். சக்கரம் சற்றே பெரிதாகி எண்ணிக்கை குறையும். நாம் விஞ்ஞான வகுப்பில் படித்ததுதான்! வளைவுகளில் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, மிகக் குறுகிய வழியிலேயே செல்ல வேண்டும். முடிவில் கிலோமீட்டருக்கு 1 மீட்டர் வீதம் கூட்டியும் வைப்பர். தூரம் குறைந்துவிடக் கூடாதல்லவா?

இவ்விதம் அளந்த பாதைக்கு அமெரிக்கத் தடகளச் சங்கம் ஓர் எண்ணும் வரைபடமும் கொண்ட சான்று தருகிறது. பத்தாண்டுகளுக்கு அது செல்லும். ஆயினும் இத்தனை பாடுபட்டுப் பெற்ற சான்றைச் சில அமைப்பாளர்கள் பெட்டியில் பூட்டிவிட்டு, நோட்டீஸில் "10 கி.மீ." என்று மட்டும் அச்சிடுகிறார்கள். நமக்கு இது விந்தையாகவே இருக்கிறது. சான்று எண், அளந்த ஆண்டு, வரைபடம் மூன்றையும் வெளியிட ஒரு பக்கம் போதுமே!

வரைபடம் முக்கியம். பந்தயத்தன்று திரும்பும் இடத்தைக் காட்டும் அடையாளத்தை யாரேனும் தள்ளி வைத்துவிட்டால் சான்றால் பயனில்லை. இங்கிலாந்தின் பிரைட்டன் மாரத்தானில் 2021ஆம் ஆண்டு எல்லாரும் 568 மீட்டர் கூடுதலாக ஓட நேர்ந்தது, பாவம்! வரைபடம் பலர் கையில் இருந்தால் ஒருவராவது முன்னரே கேட்பார்.

மகளைப் பந்தயத்தில் சேர்க்கும் பெற்றோரும் பணம் கட்டுமுன் சான்று எண்ணைக் கேட்கலாம். நாலு பேர் கேட்டால் அடுத்த ஆண்டு நோட்டீஸில் அது அச்சாகிவிடும்.